கேட்காமல் விட்ட ஒரே வீடு

போன ஞாயிற்றுக்கிழமை நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு வணக்கம் சொன்னேன்.

மனிதர்கள்? இருந்தார்கள். ஐந்து பேர். கண் மங்கிய இரண்டு அம்மாக்கள், காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவர், பாஸ்டர், பாஸ்டரின் மனைவி. மீதி எல்லாம் சிவப்பு நாற்காலிகள். வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தன.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன அறிமுகம். என் கணவர் எட்வின், ஏழு வயது மகள் ரூத், நான் — மூவரும் மிஷனரிகளாக தான்சானியா போகக் கிளம்பியிருக்கிறோம். அங்கே ஒரு பெரிய ஏரி. கரை முழுக்க மீன் பிடிக்கிற ஊர்கள். எட்வின் படகு இன்ஜின் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுப்பார். நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன்.

போவதற்கு முன் ஊர் ஊராகச் சபைகளுக்குப் போய் எங்களைத் தாங்குகிற குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். 'உங்களுக்காக ஜெபிப்போம், எங்களால் ஆனதை மாதாமாதம் அனுப்புவோம்' என்று ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருகிற குடும்பங்கள். மிஷன் சொன்ன அளவுக்கு அட்டைகள் சேர்ந்தால் விமானம். சேராவிட்டால் அடுத்த குழுவோடுதான். அதாவது, இன்னும் ஒரு வருடம் இதே அலைச்சல்.

எட்டு மாதமாக அலைகிறோம். வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. ரூத்துக்கு டி.சி. வாங்கியாயிற்று. சாமான்கள் மாமியார் வீட்டுப் பரணில். நாங்கள் மூன்று பேரும் இரண்டு பைகளும் ஒரு புரொஜெக்டரும் பஸ்ஸில்.

போகிற வீடுகளில் குறை ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் அன்பு. எல்லா வீட்டிலும் கோழிக் குழம்பு. ஒரு ரசம் சாதம் கேட்டால் மனம் வருத்தப்படுவார்களோ என்று எட்டு மாதமாகக் கோழியைத் தின்றுகொண்டிருக்கிறோம். எட்வின் ஒவ்வொரு சபையிலும் சொல்கிற ஒரே ஜோக்குக்கு, ஒவ்வொரு சபையிலும் அதே இடத்தில் சிரிக்கிறேன். அதுவும் ஊழியம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

காலையில் கண் விழித்ததும் ரூத் கேட்கிறாள்: "இன்னைக்கு நம்ம வீடு எதும்மா?"

என்ன பதில் சொல்வீர்கள்?

இந்தக் களைப்போடுதான் போன ஞாயிறு பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தோம். மிஷன் இந்தக் குழுவின் பட்டியலை மூடுவதற்குள் எங்களுக்குக் கிடைத்த கடைசி ஞாயிறு. இன்னும் மூன்றே மூன்று அட்டைதான் பாக்கி. சபை சின்னது. ஆனால் நான் பிறந்த ஏரி. மூன்று குடும்பம் கிடைக்காதா?

நாற்காலிகள் பதில் சொல்லவில்லை.

"எல்லாரும் எங்கே பாஸ்டர்?" என்று எட்வின் கேட்டார்.

பாஸ்டர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். வந்து மூன்று மாதம்தான். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏரிக்குப் போயிட்டாங்க பிரதர். இன்னைக்கு இவங்களுக்குப் பாடாம். எனக்கே காலையிலதான் சொன்னாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர் இந்த ஏரிக்காரங்கதானே... உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரிந்திருக்க வேண்டும். அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் ஏரியில் யாரும் நினைத்த இடத்தில், நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற நல்ல இடங்களைக் குப்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். அதற்குத்தான் பாடு என்று பெயர். இன்று உன் குப்பம், நாளை அவன் குப்பம். உன் முறை வருகிற நாளில் நீ போகவில்லையா? போனது போனதுதான். மறுபடி சுற்றிக்கொண்டு வரும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் முதலில் பாடு பார்ப்பார்கள். அப்புறம்தான் காலண்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தது யார்? நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். எம்.ஏ., பி.எட். சுற்றுப்பயணம் முழுவதையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி, ஊருக்கு ஒரு கலர் கொடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கட்டங்களில் ரயில் நேரம் இருந்தது. பாஸ்டர்களின் பிறந்த நாள் கூட இருந்தது. பாடு இல்லை.

நைனாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார். நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அவர் இருக்கிற கோட்டைக்குப்பம் அந்தச் சபையிலிருந்து வண்டியில் பத்து நிமிடம்.

போடவில்லை. ஏன் போடவில்லை என்பது இந்த வாரத்து விஷயம்.

நைனா அம்மன் கோயில்காரர். ஹாஸ்டலில் படிக்கும்போது நான்தான் வேறு வழியில் வந்தேன். இரண்டு வருடம் பேசாமல் இருந்தார், பிறகு பேசினார். எட்வினை மாப்பிள்ளை என்று ஏற்றுக்கொண்டார். தான்சானியா விஷயத்தைப் போனில் சொன்னபோது "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த 'ம்'முக்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோட்டைக்குப்பத்தைக் கட்டத்தில் சேர்க்கவும் இல்லை. எவ்வளவு ஊரில் வேண்டுமானாலும் கேட்கிறேன், என் சொந்தக் குப்பத்தில் கையேந்த மாட்டேன் என்று எட்வினிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். சாமி கும்பிடுகிற மனிதரிடம் சபைக் காரியத்துக்குக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, இல்லையா?

எவ்வளவு நல்ல பெண் நான்!

பாஸ்டர் யோசனை சொன்னார்: "படகு எல்லாம் திரும்புற நேரம்தான். கரைக்குப் போய் ஒரு முகம் காட்டுங்களேன்."

போனோம். கரையில் இறால் குவிந்திருந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து பெரியது, சின்னது என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் எஸ்தரம்மா. அந்தச் சபையின் தூண் அவர்தான். தூண் ஏரியில் இருந்ததால்தான் சபை காலி.

என்னைப் பார்த்ததும் எஸ்தரம்மா கையை நிறுத்தவில்லை. வாயைத் திறந்தார்.

"இன்னா டீச்சரு! ஏரில பொறந்துட்டு பாடு நாளு தெரியாம வந்துக்கீறே? நீ ஆப்பிரிக்கா போயி அந்த ஏரில இன்னா கிழிக்கப் போறே?"

கரையே சிரித்தது. எட்வினும் சிரித்தார். அவருக்கு இது புது ஜோக் அல்லவா?

ரூத் வண்ண வண்ணமாகப் பூப் போட்ட ஆப்பிரிக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். சபைகளில் ஸ்வாஹிலி மொழியில் ஒரு வசனம் சொல்வதற்கான வேஷம். "பாப்பாவ ஏம்மே இப்பிடித் திரைச்சீலையில சுத்தி வெச்சிக்கீறே? அவுத்து வுடு, வேர்க்குது பாரு" என்று ஒருத்தி சொன்னாள். எட்டு மாதமாக யாரும் சொல்லாத ஒன்று. ரூத் அவள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள்.

நானும் உட்கார்ந்து இறால் பிரிக்கக் கை வைத்தேன். மூன்றாவது இறால் கொம்பால் குத்தி ரத்தம் வந்துவிட்டது. "வுடு டீச்சரு, இறால் சேப்பாயிடப் போவுது" என்றார் எஸ்தரம்மா.

எங்கள் படம் அச்சடித்த அட்டையை நீட்டினேன். மூவரும் சிரித்துக்கொண்டிருக்கிற படம். ஈரக் கையைப் புடவையில் துடைத்து, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாக்கீது. கீழ இன்னா எழுதிக்கீது?"

வாசித்தேன். 'எங்கள் படத்தை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டி, தினமும் நினைவுகூருங்கள்.'

"அய்ய! செவுத்துலயா? உசுரோட கீறவங்களயா?" எஸ்தரம்மா நிஜமாகவே பதறினார். "தூ தூனு துப்பு முதல்ல. நா பைபிள்ல வெச்சிக்கிறேன்."

எங்கள் குப்பங்களில் சுவரில் படமாக இருக்கிறவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். ஐந்நூறு அட்டை அச்சடித்தோம். வாசகம் எழுதியது யார்? கேட்காதீர்கள்.

"வித்துட்டுப் பன்னண்டு மணிக்கு வரோம்" என்றார் எஸ்தரம்மா. "இறால் நாத்தத்தோடதான் வருவோம். மூக்கப் புடிச்சிக்கினாவது பேசிட்டுப் போ."

உயிர் வந்தது. எழுந்தேன். அப்போதுதான் ஒரு மொபெட் வந்து நின்றது.

நைனா.

ஏரிக்கரையில் ஒரு செய்தி பத்து நிமிடத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம்.

எட்வினிடம் "நல்லாக்கீறீங்களா மாப்ள?" என்றார். ரூத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. எஸ்தரம்மாவிடம் கேட்டார்: "இந்தம்மா யாரு? ஊருக்குப் புச்சா கீது."

"உன் பொண்ணுதான் நைனா" என்றேன்.

"அப்பிடியா? எத்தினி ஊரு போனே இதுவரிக்கும்?"

"இருபத்தாறு."

"எங்க எங்க?"

"சேலம், திண்டிவனம்... நாகர்கோவில் வரைக்கும்."

"நாகர்கோயிலுக்கு வழி தெரிஞ்சிது. கோட்டைக்குப்பத்துக்கு வழி தெரியல. நா இன்னா, செத்துட்டனா?"

இறால் பிரிக்கிற கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியம் என்றாலும் வெற்றிலைத் தட்டோடு முதலில் போய்ச் சொல்ல வேண்டியது நெருங்கிய சொந்தத்துக்கு. சொல்லாமல் விட்ட வீடு, விலக்கி வைத்த வீடு. ஊர் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். சித்தப்பா வீட்டை விட்டாலே ஆறு மாதம் பேசுவார்கள். நான் விட்டது அப்பா வீட்டை. நான் சேலத்துக்காரர்களிடம் கையேந்தியதை மீன் விற்கிற பெண்கள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"நீ சாமி கும்புடறவரு நைனா" என்றேன். "சபைக் காரியத்துக்கு உன்கிட்ட எப்பிடிக் கேக்கறது? உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான்..."

"எனக்குச் சங்கடமா, உனக்கா?" அப்போதுதான் என்னைப் பார்த்தார். "கேட்டா போவாதனு சொல்லிருப்பேன். அதுக்குப் பயந்துதான் கேக்கல. இல்லனு சொல்லு பாப்போம்."

நான் எங்கே போனாலும் கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருப்பேன். 'இந்தியாவிலேயே வேலை இருக்கும்போது ஏன் ஆப்பிரிக்கா?' — பதில் இருக்கிறது. 'மலேரியா வருமே?' — பதில் இருக்கிறது. 'குழந்தையின் படிப்பு?' — அதற்குத் தனி ஸ்லைடே இருக்கிறது.

இதற்கு இல்லை.

நைனா ரூத்தைக் கீழே இறக்கிவிட்டார். குரல் தணிந்தது.

"நம்ம ஊர்ல டச்சுக்காரன் கல்லற கீது இல்ல? வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிக்கிறானே... அதுல படுத்துக்கினு கீறவங்க யாரு? குடும்பத்தோட கடல் தாண்டி வந்தவங்கதானே? சின்னப் புள்ளைங்களும் கீதுன்னு சொல்றாங்க உள்ள. அங்க அவங்க ஊர்ல, அப்பிடிக் கடல் தாண்டி வந்த பொண்ணோட நைனா எத்தினி நாளு கரைல நின்னு பாத்துக்கினு இருந்திருப்பான்?"



வாசகர்களே, அந்தக் கல்லறை என்னுடைய பன்னிரண்டாவது ஸ்லைடு. செதுக்கிய வாசலோடு அழகான படம். 'முந்நூறு நானூறு வருடத்துக்கு முன்னால் எங்கிருந்தோ கடல் தாண்டி நம் கரைக்கு வந்தார்கள், இன்று நம் கரையிலிருந்து நாம் போகிறோம்' என்று நிறுத்திச் சொல்வேன். இருபத்தாறு சபைகளிலும் அந்த இடத்தில் ஆமென் வாங்கியிருக்கிறேன். வந்தவர்களைப் பற்றிப் பேசினேன். வழியனுப்பிவிட்டு நின்றவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்திருக்கும் என்பது ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

"தப்புதான் நைனா" என்றேன். தமிழில் எனக்கு மிகவும் கடினமான சொற்கள் இவைதான். சீக்கிரம் வராது. வந்தது.

"அட்டையக் குடு" என்றார்.

"எந்த அட்டை?"

"ஊருக்கெல்லாம் குடுத்தியே, அது."

கொடுத்தேன். படிக்கச் சொன்னார். "இக்குடும்பத்துக்காகத் தினமும் ஜெபிப்பேன்..." என்று தொடங்கினேன். கை காட்டி நிறுத்தினார்.

"நா எங்க அம்மன்கிட்டதான் வேண்டிக்குவேன். வேற யாரையும் எனக்குப் பழக்கம் இல்ல. பரவால்லியா மாப்ள?"

"நீங்க வேண்டிக்கிட்டா போதும் மாமா" என்றார் எட்வின். எட்டு மாதத்தில் அவர் பேசிய மிக நல்ல பிரசங்கம்.

எஸ்தரம்மாவின் பால்பாயிண்ட் பேனா மையைக் கட்டைவிரலில் தேய்த்து ரேகை வைத்தார் நைனா. "ஒரு தபா பேங்க்ல கடனுக்கு ரேகை வெச்சிட்டு மூணு வருசம் நடந்தேன். இதுக்கு எவ்ளோ நடக்கணுமோ" என்று முனகினார். பிறகு அட்டையில் வெற்றாக இருந்த ஒரு கோட்டைக் காட்டினார். "இது இன்னா காலியா கீது?"

"சபையோட பேரு எழுதற இடம்."

"ஊர் பேர எழுது."

எழுதினேன். கோட்டைக்குப்பம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் சொன்னார்: "இப்பவும் போவாதனுதான் சொல்றேன். ஆனா போறதுன்னா பெத்தவன் கையால அட்டை வாங்காம போவக்கூடாது."

பன்னிரண்டு மணிக்குச் சபை நிறைந்தது. பெண்கள் ஈரப் புடவையோடு வந்தார்கள். சொன்னபடியே வாசனையும் வந்தது. நான் பன்னிரண்டாவது ஸ்லைடைத் தாண்டிவிட்டேன். எட்வின் ஜோக் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை, எஸ்தரம்மா கொட்டாவி விட்டார். ஆனாலும் இரண்டு குடும்பங்கள் கையெழுத்திட்டன. நைனாவோடு மூன்று!

பஸ்ஸில் ரூத் என் மடியில் தூங்கினாள். அவள் தலைமுடியெல்லாம் இறால் வாடை. ஏறிய நிமிடத்திலிருந்து எட்வினும் தூங்கினார். எட்டு மாதத்துக்குப் பிறகு நானும் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். முடிந்தது என்று நினைத்துப் போட்ட தூக்கம்.

இன்று காலை மிஷன் அலுவலகத்திலிருந்து போன். அங்கே பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ரொம்ப நல்லவர். ரொம்பச் சரியானவர்.

"சிஸ்டர், கோட்டைக்குப்பம்னு போட்டிருக்கீங்க. அப்படி ஒரு சபை நம்ம லிஸ்ட்ல இல்லையே?"

"சபை இல்லண்ணா. எங்க அப்பா."

"ஓ... விசுவாசியா?"

"ஆடி மாசம் தீ மிதிக்கிறவர்ண்ணா."

அந்தப் பக்கம் ஏதோ பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்போ இது எண்ணிக்கையில வராது சிஸ்டர். தப்பா எடுத்துக்காதீங்க, பாலிசி. ஒண்ணு குறையுது. இந்த வாரக் கடைசிக்குள்ள வேற அட்டை கிடைச்சாப் பாருங்க. இல்லேன்னா அடுத்த குழுவோட போகலாம்... கர்த்தருக்குச் சித்தமானா."

ஒன்று! எட்டு மாதம், இருபத்தாறு ஊர், எண்ணிச் சொல்ல முடியாத கோழிகள்... ஒன்று குறைகிறது.

எட்வினிடம் சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் மடித்து வைத்த சட்டையை எடுத்து மறுபடி மடித்தார். ரூத், "அப்போ ஸ்கூலுக்குப் போலாமா?" என்று கேட்டாள். எந்த ஸ்கூலுக்கு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நைனாவிடமும் சொல்ல வேண்டும் அல்லவா? இந்த முறை மற்ற எவருக்கும் முன்னால் அவருக்குத்தான் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"நைனா, உன் அட்டை செல்லாதாம். நீ சபைக்காரர் இல்லியாம். ஒண்ணு குறையுது. நாங்க இப்போ போகல. அடுத்த வருஷம்தான்."

மனிதர் நிம்மதியாக மூச்சு விடுவார் என்று நினைத்தேன். போகாதே என்றவர்தானே? கேட்காமலே வரம் கிடைத்தது மாதிரி அல்லவா?

போனில் ஒரு படகு இன்ஜின் ஓடி நின்றது.

"செல்லாதா? எவன் சொன்னான்?"

"ஆபீஸ்ல நைனா."

"என் பேத்திக்கு நா வேண்டிக்கிறது செல்லாதுன்னு சொல்ல அவன் யாரு? ரேகை வெச்சேன் இல்ல? எங்க கீது அந்த ஆபீசு? அட்ரஸ் சொல்லு."

"நைனா, நீதானே போவாதேனு சொன்னே?"

"அது உனுக்கும் எனுக்கும் உள்ளது. நடுவுல அவன் யாரு?"

நாளை அவர்கள் குப்பத்துக்குப் பாடு இல்லை. காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறாராம். துணைக்கு எஸ்தரம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

அலுவலகத்து அண்ணனுக்காக நாங்கள் மூவரும் இன்று விசேஷமாக ஜெபிக்கிறோம்.